பூட்டிய இல்லத்தில் காத்திருக்கும் உயிர்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் ஒரு நாய் வருகிறது. இராசமாபுரத்து மக்கள் வேனில் விழாவில் நீர்விளையாட்டு ஆடி மகிழ்ந்திருந்த நாளில், பிறர் சமைத்து வைத்திருந்த உணவில் அந்நாய் வாய்வைத்தது. சினங்கொண்டோர் அதனை அடித்து வீழ்த்தினர். குற்றுயிராய்க் கிடந்த அதனைக் கண்ட சீவகன் அருகில் அமர்ந்து, பஞ்ச நமஸ்கார மந்திரத்தை அதன் செவியில் ஓதினான். அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து, பின்னாளில் சீவகனுக்கு உற்ற துணையாய் நின்றது. காப்பியம் பயின்றோர் அனைவரும் அறிந்த கதை இது. மந்திரத்தின் பெருமைக்காகவே இக்கதை பலகாலும் எடுத்துரைக்கப்படுகிறது. அந்நாய் துன்புற்ற நாள் ஒரு விழா நாள் என்பதையும், ஊர் முழுதும் வேறிடத்தில் களித்திருந்த வேளை அது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே.

விழா நாள்களில் வீட்டு நாயின் நிலை என்ன என்பதே இன்றைய உரையின் பொருள். சிறிய பொருள்தான். பெரிய தத்துவங்கள் பேசப்படும் மேடையில் இதற்கு இடமுண்டா என்று சிலர் கருதலாம். ஆயினும், பூட்டிய கதவுக்குப் பின்னே ஐந்து புலனும் மனமும் உடைய ஓர் உயிர் தாகத்தோடும் அச்சத்தோடும் பகற்பொழுதைக் கழிக்கிறது என்றால், அதனைப் பேசுவதற்கு இதனினும் ஏற்ற மேடை வேறில்லை.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சி ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்பு இச்சிக்கல் எழவில்லை. வீடு பூட்டப்படுவதே அரிது. திண்ணையில் ஒரு முதியவர் இருப்பார். கொல்லையில் மாடு இருக்கும். அடுத்த வீட்டுப் பெண்கள் வந்து போவர். நாய் தெருவுக்கும் வீட்டுக்கும் பொதுவாய்த் திரிந்தது. இன்று அக்குடும்பங்களின் பிள்ளைகள் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் வேலூரிலும் அடுக்ககங்களில் வாழ்கின்றனர். கணவனும் மனைவியும் பணிக்குச் செல்கின்றனர்; பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் விரும்பிக் கேட்டதற்காக ஒரு லாப்ரடார் குட்டியோ பொமரேனியன் குட்டியோ வீட்டுக்கு வருகிறது. காலை எட்டரைக்குக் கதவு பூட்டப்பட்டால் மாலை ஆறரைக்குத் திறக்கிறது. விடுமுறை நாளிலேனும் துணை கிடைக்குமா என்றால், அன்று குடும்பம் பொன்னூர் மலைக்கோ மேல்சித்தாமூருக்கோ புறப்பட்டுவிடுகிறது.

கொல்லாமை அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய ஐந்து மீறல்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் எண்ணிக் காட்டுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இவற்றுள் முதலாவதும் இரண்டாவதும் ஐந்தாவதும், நாயைத் தனியே விட்டுச் செல்லும் வீட்டில் எவருக்கும் தீய எண்ணம் இல்லாமலேயே நிகழக் கூடியவை. கயிற்றை அவிழ்க்க மறந்தால் கட்டிவைத்தல். நீர்க்கிண்ணம் கவிழ்ந்து கிடந்தால் நீரைத் தடுத்தல். திரும்பி வந்து கிழிந்த தலையணையைக் கண்டு கை ஓங்கினால் அடித்தல்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே சொற்களால் பேசுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் பதினோராம் பிரிவு, தகாத அளவுக்குக் குறுகிய சங்கிலியிலோ கனத்த சங்கிலியிலோ நெடுநேரம் ஒரு விலங்கைக் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய நடையும் உலாவலும் அளிக்காத உரிமையாளரும், போதிய உணவு, நீர், உறைவிடம் அளிக்காதவரும் அப்பிரிவின்படி குற்றவாளிகளே. இச்சட்டத்துக்கு வித்திட்டவர் மாநிலங்களவையில் உறுப்பினராய் இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியது. சட்டத்தின் அச்சம் காட்டுவதற்காக இது கூறப்படவில்லை. சூத்திரம் சொன்ன கட்டுதலும் உணவு நீர் தடுத்தலும் பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு நாடாளுமன்றச் சட்டத்தில் மீண்டும் எழுதப்பட்டன என்னும் செய்தி இளையோர்க்குத் தெரிந்திருத்தல் நலம்.

எத்தனை மணி நேரம் நாயைத் தனியே விடலாம் என்னும் வினா இயல்பாய் எழும். வளர்ந்த, உடல்நலமுள்ள நாயை ஒரே தொடர்ச்சியாய் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனித்திருக்க விடலாகாது என்பது நாய் நலம் பேணும் அமைப்புகள் பலவும் கூறும் பொது அறிவுரை. குட்டிகளுக்கு அதுவும் மிகுதி. சிறுநீரை அடக்கும் ஆற்றல் மூன்று மாதக் குட்டிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமே என்று ஒரு கணக்குச் சொல்வர். முதிய நாய்க்கும், நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கும் இடைவெளி குறுக வேண்டும். பணிக்குச் செல்வோர் இல்லத்தில் நான்கு மணி நேரம் என்பது நடக்கிற செயலா என்று கேட்கலாம். நடுப்பகலில் ஒருவர் வந்து அதனை வெளியே அழைத்துச் சென்று, நீர் மாற்றிவிட்டுப் போக ஏற்பாடு செய்தால் நடக்கும். அதற்கு ஊதியம் கொடுக்க மனமில்லாத குடும்பம் நாய் வளர்க்கும் விருப்பத்தை ஒத்திவைப்பதே முறை. இது கடுமையாய்த் தோன்றலாம். ஆனால் குட்டியை வாங்கும் நாளில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று தயங்காமல் எண்ணிக் கொடுக்கும் கை, மாதந்தோறும் ஒரு சிறு தொகைக்கு இறுகுவது வியப்புக்குரியது.

தனிமையைத் தாங்குதல் நாய்க்கு இயல்பாய் அமைவதன்று. அது கற்பிக்கப்பட வேண்டியது. நாய் கூட்டமாய் வாழ்ந்த விலங்கின் வழிவந்தது. அதன் கூட்டம் இப்போது அந்தக் குடும்பமே. கூட்டத்தார் அனைவரும் ஒரே நேரத்தில் மறைந்துபோவது அதற்கு என்னவென்று விளங்குவதில்லை. சில நாய்கள் உறங்கிக் கழிக்கின்றன. சில நாய்கள் கதவைப் பிறாண்டுகின்றன, ஊளையிடுகின்றன, எச்சில் ஒழுக மூச்சிரைக்கின்றன, வழக்கமாய் வெளியே சென்று கழிப்பவை வீட்டுக்குள்ளேயே கழித்துவிடுகின்றன. இது பிரிவுத் துயர். பெரும்பாலும் குடும்பத்தார் வெளியேறிய முதல் அரைமணி நேரத்துக்குள் இது வெளிப்பட்டுவிடும். வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய கைப்பேசியொன்றைக் கூடத்து அலமாரியில் நிறுத்திக் காணொளி பதிவாகுமாறு விட்டுச் சென்றால், அந்த அரைமணியில் நடப்பது தெரிந்துவிடும். தம் நாய் அமைதியாய் உறங்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தோர் அப்பதிவைக் கண்டு கலங்கியதுண்டு.

பழக்கும் முறை எளிது. பொறுமை மட்டுமே வேண்டும். முதலில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் மறைந்திருத்தல். பிறகு வாயிலுக்கு வெளியே இரண்டு நிமிடம். நாய் பதற்றமின்றி இருந்தால் ஐந்து, பத்து, இருபது என்று வாரக்கணக்கில் நீட்டித்தல். பதறத் தொடங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்புதல். சாவிக்கொத்தின் ஓசை, காலணி அணிதல், கைப்பையை எடுத்தல் ஆகியவை பிரிவின் முன்னறிவிப்புகள் என்பதை நாய் விரைவில் கற்றுக்கொள்கிறது. ஆதலால் வெளியே செல்லாத வேளைகளிலும் சாவியை எடுத்து ஒலிக்கச் செய்துவிட்டு, மீண்டும் அமர்ந்து செய்தித்தாள் படிக்கலாம். அவ்வோசைக்குரிய அச்சம் மெல்ல மெல்லத் தேயும். புறப்படும்போது கட்டியணைத்து நெடிய விடைபெறல் வேண்டா. திரும்பி வந்தபோதும் ஆரவாரம் வேண்டா. புறப்படுவதற்கு முன் அரைமணி நேரம் நடத்திக்கொண்டு வருதல் எல்லாவற்றினும் நன்று. நடந்து களைத்து, உண்டு, சிறுநீர் கழித்துவிட்டு வந்த நாய் உறங்கும். துணைக்கு இன்னொரு நாயை வாங்கிவிட்டால் தீரும் என்று எண்ணுவோர் உளர். ஏக்கம் மனிதரைப் பற்றியதாயின் இரண்டாவது நாயால் அது தீர்வதில்லை. ஊளையிடுவோர் எண்ணிக்கை இரண்டாவதே பெரும்பாலும் கிடைக்கும் பயன்.

அடித்தலைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். மாலையில் வீடு திரும்பியவர் கூடத்தில் பஞ்சு பறந்து கிடப்பதைக் காண்கிறார். நாய் காதுகளை மடித்து, வாலை ஒடுக்கி, கண்களைத் தாழ்த்தி ஒரு மூலையில் பதுங்குகிறது. 'செய்த தவறு அதற்கே தெரிகிறது' என்கின்றனர் வீட்டார். தெரிந்தே செய்தது என்று கருதுவதால் ஓர் அடியும் விழுகிறது. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்நம்பிக்கையைச் சோதித்தது. 14 நாய்கள் அதில் பங்குபெற்றன. தின்பண்டத்தைத் தொடாதே என்று கட்டளையிட்டுவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். சில முறை நாய் அதனைத் தின்றது. சில முறை தின்னவில்லை. ஆனால் உரிமையாளரிடம் உண்மை நிலை எப்போதும் கூறப்படவில்லை. தின்னாத நாயையும் தின்றதாய்க் கருதி அவர் கண்டிக்க நேர்ந்தது. குற்றவுணர்வு என்று கருதப்படும் அந்தப் பார்வை, தவறு செய்ததோடு தொடர்புடையதாய் இல்லை. கண்டிக்கப்பட்டதோடுதான் தொடர்புடையதாய் இருந்தது. கட்டளைக்குப் பணிந்து தின்னாமல் இருந்த நாய், வீணே கண்டிக்கப்பட்டபோது அந்தப் பார்வை இன்னும் மிகுந்து தோன்றியது.

ஆக, மூலையில் பதுங்கும் நாய் தலையணையை எண்ணிப் பதுங்கவில்லை. எதிரில் நிற்பவரின் முகத்தையும் குரலையும் கண்டு பதுங்குகிறது. மூன்று மணி நேரத்துக்கு முன் நிகழ்ந்ததற்கு இப்போது விழும் அடியை அது அச்செயலோடு இணைப்பதில்லை. வீட்டார் திரும்பி வருதல் என்னும் நிகழ்ச்சியோடு இணைக்கிறது. அதன் விளைவாக அடுத்த நாளின் தனிமையோடு, மாலையில் வரப்போகும் அடியின் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அடித்தலை மீறல் என்று வகுத்த ஆசாரியர்கள் இவ்வாய்வுக்குக் காத்திருக்கவில்லை.

மகாவீர ஜெயந்தி பங்குனி, சித்திரை வெயிற்காலத்தில் வருகிறது. ஊர்வலமும் அபிடேகமும் சொற்பொழிவும் முடிந்து வீடு திரும்பப் பகல் கழிந்துவிடும். ஆதலால் வெப்பத்தைப் பற்றி விரிவாகவே கூறுதல் தகும். மனித உடல் முழுதும் வியர்த்துத் தணிகிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் செயற்படுவது பெரும்பாலும் அடிப்பாதத்தில் மட்டுமே. நாக்கை நீட்டி மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியாவதால்தான் அது உடலைத் தணிவித்துக்கொள்கிறது. காற்றோட்டமில்லாத அறையில், ஈரப்பதம் மிகுந்த சென்னைக் கோடையில், அவ்வழியும் அடைபடுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல் வரை. அது 41ஐத் தாண்டினால் வெப்பத் தாக்கு. உறுப்புகள் பழுதடையத் தொடங்கும். சில மணி நேரத்தில் உயிர் பிரியலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் அடர்ந்த மயிருள்ள குளிர்நாட்டு இனங்களுக்கும் இடர் மிகுதி. நம் நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் இவ்வெயிலுக்குப் பழகியவை. எனினும் அவற்றுக்கும் நிழலும் நீரும் இன்றியமையாதவை.

மொட்டைமாடியில் விட்டுச் செல்லுதல் கூடாது. காலையில் அங்கே நிழல் இருக்கும். பதினொரு மணிக்கு இராது. தகரக் கூரையிட்ட மாடியறை அதனினும் கொடிது. அடுக்ககத்தின் பால்கனியில் விடுவதும் அவ்வாறே. வெயில் ஒருபுறம், தாண்டிக் குதிக்கும் இடர் மறுபுறம். மின்விசிறியைச் சுழலவிட்டுச் செல்வோர், அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உண்டா என்று முந்தைய நாள் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்சாதனத்தை நம்பிச் சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுச் சென்ற வீட்டில் ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றால், நடுப்பகலுக்குள் அவ்வறை என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் நின்றாலும் காற்று வரும் வழியொன்று, கம்பியிட்ட சன்னலாக, திறந்தே இருத்தல் வேண்டும். தரை சிமெந்தாகவோ கல்லாகவோ இருந்தால் நாய் வயிற்றை அதில் பதித்துக் குளிர்ந்துகொள்ளும். பழைய வீடுகளின் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் இதற்கென்றே அமைந்தது போன்றது.

தனியே விட மனமின்றி நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவோரும் உளர். மலையடிவாரத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, தரிசனம் முடித்து அரைமணியில் திரும்பிவிடலாம் என்று மேலேறுகின்றனர். வெளியே 35 டிகிரி வெயில் இருக்கும்போது மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 45 டிகிரி ஆகிவிடும். இரண்டு விரற்கடை இடைவெளி அதனைத் தடுப்பதில்லை. பொன்னூர் மலைப் படிகளை ஏறி, குந்தகுந்தாசாரியரின் திருவடியை வணங்கி, இளைப்பாறி இறங்க அரைமணி போதுவதும் இல்லை. ஒருவர் நிழலில் நாயோடு கீழேயே இருந்து, மற்றவர் இறங்கியபின் தாம் ஏறுவதே வழி.

உணவையும் நீரையும் குறித்துச் சில சொற்கள். நாய்க்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி லிட்டர் நீர் வேண்டும். இருபது கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். கோடையில் இன்னும் கூடுதல். ஒரே கிண்ணத்தில் வைத்தால் கவிழும். கனமான மண்சட்டி இரண்டில், இரண்டு வேறு இடங்களில் வைப்பது நன்று; மண்சட்டி நீரைக் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கும். தயிர்ச்சோற்றைக் காலையில் வைத்துவிட்டுச் சென்றால் மதியத்துக்குள் புளித்துவிடும், எறும்பும் மொய்த்துவிடும். எறும்பு மொய்த்த சோற்றை எறிவதும் ஓர் உயிர்ச்சேதமே; தட்டைச் சுற்றி நீர் நிற்கும்படி அகன்ற பாத்திரத்தில் வைத்தால் இரண்டும் தவிரும். வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. அவை புகாத சமையலறையை உடைய இல்லங்களுக்கு அவ்வகையில் கவலையில்லை. ஆனால் பாயசத்தில் இடும் உலர்திராட்சையும், பச்சைத் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லவை, சாக்லேட்டும் நஞ்சு. விழா நாளின் பரபரப்பில் எட்டும் உயரத்தில் வைக்கப்பட்ட பலகாரத் தட்டு, தனித்திருக்கும் நாய்க்கு முதல் இலக்கு. இரவுண்ணா நோன்பு காக்கும் வீட்டில் நாயும் கதிரவன் மறையுமுன் உண்டு பழகியிருக்கும். பார்த்துக்கொள்ள வருபவரிடம் அவ்வேளையைச் சொல்லிச் செல்லாவிடில், அவர் தம் வீட்டுச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்குச் சோறு கொண்டுவருவார். அதுவரை அது வாயிலைப் பார்த்துக் காத்திருக்கும்.

கட்டிவைத்துவிட்டுச் செல்லுதல் அறவே வேண்டா. கயிறு தூணிலோ கட்டிற்காலிலோ சுற்றிச் சுற்றிக் குறுகும். நீர்ச்சட்டி எட்டாத தொலைவில் நிற்கும். தாவ முயன்றால் கழுத்தை இறுக்கும். ஓர் அறையோ கூடமோ அதற்கென ஒதுக்கப்பட்டு, மின்கம்பிகளும் எலி மருந்தும் அந்துருண்டையும் அகற்றப்பட்டு, கதவு சாத்தப்பட்டால் போதும். இழுத்தால் இறுகும் வகைக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுதல் நலம்; சன்னற்கம்பியில் மாட்டிக்கொண்டால் அவிழ்க்க ஆளில்லை.

இரவு தங்கும் பயணமாயின் தனியே விடுதல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. சிரவணபெளகொளா சென்று திரும்ப இரண்டு நாளாகும். இரண்டு நாளுக்குரிய சோற்றையும் நீரையும் வைத்துவிட்டுச் செல்வது, வைக்காமல் செல்வதினும் சிறிதே மேல். தானியங்கி உணவுக்கலங்கள் விற்பனைக்கு வந்துள்ளன. அவை சோற்றைக் கொட்டும். நாய் வலிப்பு வந்து கிடந்தால் அறியா. உறவினரோ நண்பரோ வீட்டில் வந்து தங்குதல் முதல் வழி. நாயை அவர் வீட்டுக்குக் கொண்டுசெல்லுதல் அடுத்தது. நாய்க் காப்பகம் மூன்றாவது; அங்கே வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்களா என்பதே முதற் சோதனை. கேட்காத இடத்தில் விடலாகாது. எவ்வழியாயினும் நெடிய பயணத்துக்கு முன் ஓர் இரவு மட்டும் விட்டுப் பார்த்தல் வேண்டும்.

தீபாவளியை இறுதியாய் வைத்தது காரணத்தோடுதான். மகாவீரர் வீடுபேறெய்திய திருநாள் அது. குடும்பங்கள் விடியலில் ஜினாலயம் செல்கின்றன. பட்டாசு கொளுத்தாத இல்லங்கள் சமணரிடையே பல. ஆனால் தெரு சமணர் தெரு மட்டுமன்று. மனிதர் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வு வரை கேட்கும். நாயின் செவி 45,000 வரை கேட்கவல்லது. மெல்லிய ஒலிகளையும் அது நம்மினும் தொலைவிலிருந்து உணரும். பூட்டிய வீட்டில் எந்தத் திசையிலிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று அறியாமல் வெடியோசைக்கு நடுவே தனித்திருக்கும் நாய், கதவை உடைத்தேனும் ஓட முயலும். ஆண்டுதோறும் அந்நாள்களில் தெருக்களில் வழிதவறி ஓடும் வளர்ப்பு நாய்களைக் காணாத நகரில்லை. அன்று ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். இருவராய்ப் பிரிந்து, முதல் பூசைக்குச் சிலரும் அடுத்ததற்குச் சிலருமாய்ச் செல்லலாம். சன்னல்களை அடைத்து, உள்ளறையில் அதன் படுக்கையை இட்டு, அருகில் அமர்ந்து அமைதியாய்ப் பேசிக்கொண்டிருந்தால் போதும். மேசைக்கடியில் ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே கொணர வேண்டா. மிகவும் அஞ்சும் நாய்க்கு முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் மருந்து கேட்டுப் பெறலாம். அன்று காலையில் கேட்டால் கிடைக்காது.

பல வீடுகளில் 'நீங்கள் போய் வாருங்கள், நான் நாயோடு இருக்கிறேன்' என்று பாட்டியே பின்தங்கிவிடுவதுண்டு. அவ்வாறு பின்தங்குபவர் எப்போதும் ஒருவராகவே இருந்துவிடாமல், ஆண்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்வது பாட்டிக்கும் நீதி.

இந்த அவை மாலை ஐந்து மணிக்குக் கலையும். சென்னையிலிருந்து விடியலில் புறப்பட்டு வந்த குடும்பங்கள் வீடு சேர இரவு ஒன்பதாகலாம். இப்போது மணி பன்னிரண்டரை. அடுத்து உணவு இடைவேளை. வீட்டில் நாயை விட்டு வந்தோர் பந்தியில் அமருமுன் அண்டை வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து, சாவி எங்கே இருக்கிறது என்பதையும், நீர்ச்சட்டி கூடத்தின் எந்த மூலையில் உள்ளது என்பதையும் சொல்லிவிட்டு வரலாம். பந்தி காத்திருக்கும்.